நெஞ்சுக்கு ஒரு கணக்கு

மேலூரில் ஒரு டீக்கடை பெஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்: “ஏந் தம்பி, நெஞ்சுல புத்து வருமா வராதான்னு முன்னாடியே சொல்லிப்புடுறாங்களாமே, மெய்தானா?”

வாசகர்களே, இது கிளி ஜோசியம் அல்ல, வெறும் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சிகரெட், எத்தனை வருஷம் என்று பெருக்க வேண்டும். தினம் 20 சிகரெட் வீதம் 20 வருஷம் என்றாலும், தினம் 10 வீதம் 40 வருஷம் என்றாலும் விடை 20தான். வயது 50 முதல் 80க்குள் இருந்து, விடை 20ஐ எட்டி, இன்னும் புகைப்பவராகவோ 15 வருஷத்துக்குள் விட்டவராகவோ இருந்தால், வருஷம் ஒரு முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். இது 2021ல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த விதி.

காரணம் இல்லாமல் இல்லை. 2002ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் 53,000க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு என்று 2011ல் முடிவு வெளியாயிற்று.

அப்படியானால் ஊருக்கே ஸ்கேன் எடுத்தால் என்ன என்கிறீர்களா? அதே ஆராய்ச்சியில் சந்தேகத்துக்குரியதாகத் தெரிந்த நூறு ஸ்கேன்களில் 96 புற்றுநோயே இல்லை! காசநோய் தழும்பு விட்டுப்போன நெஞ்சுகள் மலிந்த நம் நாட்டில், வீண் பயத்துக்கும் வீண் செலவுக்கும் கேட்க வேண்டுமா? அதனால்தான் ஆளைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பொறுக்கும் சல்லடை அமெரிக்கச் சல்லடை. மேலூர்ச் சுற்று வட்டாரத்துக் கிரானைட் குவாரிகள் பல 2012க்குப் பின் மூடப்பட்டன. ஆனால் கல் உடைத்தவன் சுவாசித்த தூசி நெஞ்சை விட்டுப் போய்விடுமா? அந்தச் சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997லேயே தீர்ப்பளித்துவிட்டது. மேற்படி விதியில் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றையும் பெரியவரிடம் சொன்னேன். சற்று யோசித்தார்.

“அப்ப என் பேரு கணக்குல இருக்கு. நாப்பது வருசமா விறகடுப்பு ஊதுறவ பேரு இல்லையாக்கும்?”

எனக்குப் பதில் வரவில்லை. விறகுப் புகையும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்பது அதே நிறுவனத்தின் கருத்து. நம் சர்க்கார் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை உண்டு, நுரையீரலுக்கு இல்லை.

ஆகவே உங்கள் கணக்கை நீங்களே ஒரு சீட்டில் எழுதுங்கள்: பீடி எத்தனை, குவாரி எத்தனை வருஷம், அடுப்புப் புகை எத்தனை வருஷம், குடும்பத்தில் யாருக்கு இந்த நோய். இருமல் மூன்று வாரம் நீடித்தாலும், சளியில் ரத்தம் கண்டாலும் அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.

பீடியை இன்றே விட்டுவிட்டால் கணக்கு மேலே ஏறாது. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.