கொல்லைப்புறத்துத் தச்சன்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

பறவைகளைக் காண வேண்டுமானால் வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அல்லது கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போக வேண்டும் என்பார்கள். அதற்குக் கையில் தொலைநோக்கி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், செலவுக்குப் பணமும் வேண்டும். இவை மூன்றும் இல்லாதவர்கள் பறவைகளைப் பற்றி அறிந்துகொள்ளவே முடியாதா? முடியும் என்பதே எங்கள் கருத்து. வீட்டின் பின்புறம் ஒரு தென்னையும் ஒரு முருங்கையும் இருந்தால் போதும். அங்கே வந்து போகும் மரங்கொத்தி ஒன்றே நமக்கு ஒரு விலங்கியல் பாடத்தை நடத்திவிடும். ஆனால் அது தொடர்ந்து வர வேண்டுமானால், நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பொருளை அதற்கென விட்டுவைக்க வேண்டும். அது பட்டமரம்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மண்ணிறக் கழுத்தும், விசிறி போன்ற கொண்டையும், கறுப்பு வெள்ளை வரியிட்ட இறக்கையும் கொண்டு, புல்தரையில் நடந்து மண்ணைக் குத்திக் குத்திப் புழு தேடும் பறவையைப் பலரும் மரங்கொத்தி என்று சொல்லிவிடுகிறார்கள். அது மரங்கொத்தி அன்று. அதன் பெயர் கொண்டலாத்தி. நம் ஊர்ப்பக்கம் வீடுகளை ஒட்டி அதிகம் காணக்கூடிய உண்மையான மரங்கொத்தி, பொன்முதுகு மரங்கொத்தியே. மைனாவைவிடச் சற்றுப் பெரியது. முதுகு பொன் மஞ்சள். தலையில் சிவப்புக் கொண்டை. ஆண் பறவைக்கு உச்சந்தலை முழுவதும் சிவப்பாக இருக்கும். பெண் பறவைக்கோ நெற்றிப் பகுதி கறுப்பாக, வெண்புள்ளிகளுடன் இருக்கும். பின்கொண்டை மட்டுமே சிவப்பு. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், தொலைநோக்கி இல்லாமலேயே, வந்திருப்பது ஐயாவா அம்மாவா என்று சொல்லிவிடலாம்.

இனி அதன் உடலமைப்பைப் பாருங்கள். பெரும்பாலான பறவைகளுக்கு மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னும் அமைந்திருக்கும். மரங்கொத்திகளுக்கோ பொதுவாக இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்துள்ளன. அதனால்தான் அது நெட்டுக்குத்தான தென்னையைக் கிடுக்கி போலப் பற்றிக்கொள்கிறது. விறைப்பான வாலிறகுகளை மரத்தில் ஊன்றி, மூன்றாவது காலைப் போலப் பயன்படுத்துகிறது. அதன் நீண்ட நாக்கைத் தாங்கும் எலும்பு, மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி வளைந்து செல்கிறது. அந்த நாக்கைத் துளைக்குள் நீட்டி எறும்புகளையும் வண்டுப் புழுக்களையும் வெளியே இழுக்கிறது.

இவ்வளவு வேகமாக மோதியும் அதற்குத் தலை வலிக்காதா என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மண்டையோடு பஞ்சைப் போல அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்பதே நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்த விடை. ஆனால் 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதை மறுத்தது. பெல்ஜிய நாட்டு அறிவியலாளர் சாம் வான் வாசென்பெர்க்கும் அவருடைய குழுவினரும், மூன்று இன மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகப் படமெடுத்து ஆராய்ந்தனர். மண்டையோடு சுத்தியலைப் போல இறுக்கமாகவே இயங்குகிறது. மூளை மிகச் சிறியதாக இருப்பதால் அது பாதுகாப்பாக உள்ளது என்று அவர்கள் கண்டனர். அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு இருந்தால் கொத்தும் வலிமையும் அல்லவா வீணாகிவிடும்! பல புத்தகங்களில் எழுதப்பட்ட ஒன்றையும், உற்றுப் பார்த்த கண்கள் திருத்திவிட்டன. கவனித்துப் பார்ப்பதன் பெருமைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

தோழியரே, கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. உளி பிடிக்கும் கைகளை மதிக்கத் தெரிந்த ஊர் நம் ஊர். அப்படியிருக்க, உளியை முகத்திலேயே வைத்துக்கொண்டு பிறந்த இந்தத் தச்சனை மட்டும் நாம் ஏன் மதிப்பதில்லை? இந்தத் தச்சன் தனக்காக மட்டும் வீடு கட்டுவதில்லை. அது குடைந்த பொந்தில் குஞ்சுகள் வளர்ந்து பறந்து சென்ற பிறகு, மைனா வந்து குடியேறும், கிளி வரும், சில வேளைகளில் புள்ளி ஆந்தையும் வரும். இவற்றுக்கெல்லாம் மரத்தைக் குடைந்து புதுப் பொந்து அமைக்கும் ஆற்றல் கிடையாது. ஆகவே ஒரு மரங்கொத்தி போய்விட்டால், வாடகையில்லாமல் குடியிருந்த பல குடும்பங்கள் வீடிழந்து போகின்றன. வயலில் எலி பிடிக்கும் ஆந்தை நமக்கு வேண்டும். ஆனால் அதற்கு வீடு தரும் மரங்கொத்தி வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

மரங்கொத்தி வேண்டாம் என்று யார் சொன்னார்கள் எனச் சிலர் கேட்கலாம். வாயால் யாரும் சொல்வதில்லை; நம் செயல்தான் சொல்கிறது. மரங்கொத்தி பெரும்பாலும் பட்டமரத்திலோ, உள்ளே உளுத்துப்போன கிளையிலோதான் கூடு குடைகிறது. நாமோ ஒரு மரம் பட்டுவிட்டது என்றால் அடுத்த வாரமே ஆள் வைத்து வெட்டிவிடுகிறோம். காய்ந்த மரம் வீட்டுக்கு ஆகாது, பார்க்கவும் நன்றாயில்லை என்கிறோம். பிறகு கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, முன்போல் பறவைகள் வருவதில்லையே என்று வருந்துகிறோம்!

பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. காற்றடிக்கும்போது காய்ந்த கிளை கூரைமேல் விழலாம். சுவரை ஒட்டி நிற்கும் மரத்திலிருந்து கரையான் வீட்டுக்குள் வரலாம். தென்னை வைத்திருப்போர், மரங்கொத்தி இளங்காய்களையும் கொத்துவதாகக் குறை கூறுவதுண்டு; அதுவும் சில இடங்களில் நடப்பதே. ஆனால் தென்னைக்குப் பெரும்பகை காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டுமே அன்றி இந்தப் பறவை அன்று. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: வீட்டை ஒட்டிய மரமானால் தாராளமாக வெட்டுங்கள். வேலியோரத்திலோ வயல் வரப்பிலோ நிற்கும் பட்டமரமானால், கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, அடிமரத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு விட்டுவையுங்கள். மாசி முதல் ஆடி வரை அது குஞ்சு பொரிக்கும் காலம். அந்த மாதங்களில் எந்த மரத்தை வெட்டுமுன்னும் பொந்து இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதமே ஆகிறது. ஒரு மாதம் பொறுத்திருப்பது பெரிய இழப்பா?

நம் ஊர் மரங்கொத்தி இன்று அழிவின் விளிம்பில் இல்லை, அது உண்மை. ஆனால் அமெரிக்க நாட்டில் தந்தநிற அலகு கொண்ட பெரிய மரங்கொத்தி ஒன்று இருந்தது. பழமையான காடுகளையும் அவற்றின் முதிர்ந்த மரங்களையும் வெட்டி விற்றதால் அது குறைந்துகொண்டே வந்தது. அனைவரும் ஐயமின்றி ஒப்புக்கொள்ளும் வகையில் அது கடைசியாகக் காணப்பட்டது 1944ஆம் ஆண்டில். அதன்பின் எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள். தேடுவதைவிட, இருக்கும்போதே காப்பது எளிது அல்லவா?

இறுதியாக, எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஆண்பிள்ளைகள் ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் நினைத்தபோது போய்வருகிறார்கள். எங்களுக்கு வயது ஏற ஏற வாசற்படி உயர்ந்துகொண்டே போகிறது. இதைக் குறை கூறிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். பீகாரில் 1923ஆம் ஆண்டு பிறந்த ஜமால் ஆரா என்ற அம்மையார், பள்ளிப் படிப்பில் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் சோட்டா நாகபுரிப் பகுதியின் பறவைகளை ஆராய்ந்து எழுதி, நாட்டின் முன்னோடிப் பறவையியலாளராக விளங்கினார். சிறுவர்களுக்காக அவர் எழுதிய பறவை நூலை 1970ஆம் ஆண்டு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. நாங்களும் இப்போது பத்தாம் வகுப்பில்தான் இருக்கிறோம்!

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து அனுப்பினால் போதும். மாட்டுப்பொங்கலன்று கொல்லையில் நின்றபடியே இதைச் செய்யலாம். யாரும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. பெரியவர்கள் துணைக்கு வரவும் வேண்டியதில்லை. வந்து உடன் நின்றால் எங்களுக்கு மகிழ்ச்சியே. காக்கையாயினும் மைனாவாயினும் எழுதுங்கள். மரங்கொத்தி வந்தால் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

அன்புள்ள பெற்றோர்களே, எங்களுக்குத் தொலைநோக்கி வாங்கித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வேலியோரத்துப் பட்டமரத்தை விட்டுவையுங்கள் என்றே கேட்கிறோம். மதிப்புக்குரிய அருட்சகோதரியரே, பள்ளி வளாகத்தில் என்றேனும் ஒரு மரம் பட்டுப்போனால், பாதுகாப்பான தூரத்தில் அதன் அடிமரம் மட்டுமாவது நிற்கட்டும். இலையும் நிழலும் தராத அந்த மரத்தைச் சுற்றி நாங்கள் நின்று படிக்க வேண்டிய பாடங்கள் நிறைய உள்ளன.