ஐந்தாவது சான்றிதழ் எதற்கு?



ஜொகூர் மாநிலம் கூலாயிலிருந்து ஓர் அம்மா போன வாரம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். நம் இதழைப் பல வருடங்களாக வாங்குகிறவர். "பையன் டிப்ளோமா முடிச்சிட்டாங்கய்யா. அதுக்கு மேல ஒரு சேஃப்டி கோர்ஸ், ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், ஒரு இங்கிலீஷ் கோர்ஸ். நாலு சர்ட்டிபிகேட் இருக்கு, வேலை மட்டும் இல்ல. அஞ்சாவதா என்ன படிக்க வைக்கலாம்னு உங்க பத்திரிகையில போடுங்களேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பையன் எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறான் என்று கேட்டேன். "எல்லாம் ஃபோன்லதான் போடுறான், நூறு இருக்கும்." ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குள் போய் வேலையைப் பார்த்திருக்கிறானா? "பயிற்சிக்குப் போனான். அங்க மூணு மாசம் ஃபைல் அடுக்கச் சொல்லிட்டாங்க."

பேச்சுவாக்கில்தான் அந்தச் செய்தி வெளியே வந்தது. அவர்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருப்பவர் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன். பையன் படித்தது மின்துறை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். "அவங்களோட பேசுறதே தீபாவளிக்குப் பலகாரம் மாத்திக்கும்போதுதாங்கய்யா" என்று சிரித்தார்.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை?

நம் தாத்தா, பாட்டி காலத்தில் வேலை தேடுவது என்ற பேச்சே கிடையாது. குளுவாங், சிகாமட், லாபிஸ் தோட்டங்களில் தண்டலிடம் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாள் காலையில் பெயர் கூப்பிடும்போது பிள்ளையின் பெயரும் சேர்ந்திருக்கும். அந்தக் காலத்தை நான் புகழவில்லை. லயத்தில் பிறந்த பிள்ளை லயத்தை விட்டுப் போகாதபடி பார்த்துக்கொண்டதும் அதே ஏற்பாடுதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். விடியுமுன் மரம் சீவப் போவதும், பால் வாளி நிறைவதும், ஸ்டோரில் எடை போடுவதும் கண் முன்னால் நடந்தன.

இன்று அப்பா கார்டு தேய்த்து உள்ளே போகிறார், சாயங்காலம் களைத்து வருகிறார். உள்ளே என்ன நடக்கிறது? பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணனின் வேலை பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஜொகூரில் வேலைக்குப் பஞ்சமா என்றால், செய்தித்தாளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்டன. முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன் வேலைகள் என்பது இலக்கு. செடெனாக், கூலாய், நூசாஜாயா பக்கம் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம், பாசிர் கூடாங் ஆலைகள், பெங்கேராங் எண்ணெய் வளாகம், மூவார் மரச்சாமான் பட்டறைகள் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. மாநில அரசும் இளையோரையும் நிறுவனங்களையும் இணைக்க ஜொகூர் திறனாளர் மேம்பாட்டு மன்றத்தை அமைத்திருக்கிறது.

அப்படியானால் நம் பையன் ஏன் ஃபோனைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்?

பாதிப் பதில் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் இருக்கிறது. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. அங்கே 2,000 வெள்ளி வாங்கினால் இங்கே 6,000 ரிங்கிட்டைத் தாண்டும். இங்கே 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகிறவர்கள் ஆசைக்காக மட்டும் போகவில்லை. வீட்டுக் கடன், தங்கை படிப்பு, அம்மா மருந்து எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன.

ஆனால் கணக்கை முழுசாகப் போடுவோமே. வேலை அனுமதியில் போகும் மலேசியருக்குச் சிங்கப்பூரின் சிபிஎஃப் சேமிப்பு கிடையாது. இங்கே 2,500 ரிங்கிட் வாங்கும் பிள்ளைக்கு முதலாளி 13 விழுக்காடு, பிள்ளை 11 விழுக்காடு என்று மாதம் 600 ரிங்கிட் இ.பி.எஃப். சேமநிதியில் சேர்கிறது. வருடத்துக்கு 7,200. பெர்கேசோவின் சமூகப் பாதுகாப்பும் உண்டு. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிள் வரிசையில் மழையில் நிற்பதற்கு யாரும் விலை போடுவதில்லை. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த்துக்கு ஆர்.டி.எஸ். ரயில் வந்தால் அந்தப் பாடு குறையும். 2026 முடிவதற்குள் தயாராக வேண்டும் என்பது திட்டம். நான்கு கிலோமீட்டர் தூரம், சில நிமிடப் பயணம். அக்கரைக்குப் போவது அப்போது இன்னும் சுலபம். அந்த ரயில் வந்த பிறகும் இங்கேயே இருக்கலாம் என்று ஒரு பிள்ளை நினைக்க வேண்டுமானால் இங்கே அவனுக்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் முதலாளிமார் வாசகர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். மூன்று வருடம் படித்து டிப்ளோமா வாங்கிய பிள்ளைக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்க நிக்க மாட்றாங்க" என்று குறைபடுவது நியாயமா? சட்டம் சொல்லும் தொகை தரைதானே, அதையே கூரையாக்கலாமா? இன்னொன்று, "அனுபவம் இரண்டு வருடம் தேவை" என்று எல்லோரும் விளம்பரத்தில் போட்டால் முதல் இரண்டு வருடத்தை அவன் யாரிடம் கற்பது?

இதற்கு வழியே இல்லாமல் இல்லை. எஸ்.எல்.டி.என். என்று ஒரு பயிற்சி முறை 2005-லிருந்து நம் நாட்டில் நடக்கிறது. ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பார்த்து உருவாக்கியது. நேரத்தில் 70 முதல் 80 விழுக்காடு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ, மிச்சம் வகுப்பில். பயிலும் காலத்திலேயே கைக்கு ஒரு தொகை வரும். முடிக்கும்போது எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழ் கிடைக்கும். மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்கு டிப்ளோமா, ஐந்து உயர்நிலை டிப்ளோமா. படிப்பில் சுமாரான பிள்ளை என்று நாம் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகூட இந்த ஏணியில் ஏறலாம். நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பெரியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இருபது வருடமாக ஏர்கோன் பழுது பார்க்கிறார், கையில் ஒரு காகிதம் இல்லை. அவர் மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, திறன் மேம்பாட்டுத் துறையிடம் எஸ்.கே.எம். பெறலாம். அதற்குப் பெயர் பி.பி.தி. அப்பா தகுதிச் சான்று வாங்கினால், அவர் பட்டறையில் நாளைக்கு ஒரு பையன் பயிற்சிக்கு நிற்பதிலும் ஒரு மரியாதை இருக்கும்.

இப்போது பெற்றோரிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் நாம் முதலில் கேட்பது எத்தனை ஏ என்பதை. "தொழிற்பயிற்சி" என்றதும் முகம் சுருங்குகிறது. உறவினர் வீட்டு விசேஷத்தில் என்ன சொல்வது என்ற கவலை. ஆனால் அதே உறவினர் வீட்டு மெயின் சுவிட்ச் பழுதானால் வயர்மேன் வர மூன்று நாள் ஆகிறது, வந்ததும் கேட்ட தொகையைக் கொடுத்து அனுப்புகிறோம்!

சில வேலைகளுக்கு ஆள் வைப்பது முதலாளியின் விருப்பம் இல்லை, சட்டம். உயரழுத்த மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேன் வேண்டும். செம்பனை ஆலைக்கு பாய்லர்மேன் வேண்டும். தரவு மையம் என்றதும் கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மட்டும்தான் வேலை என்று நினைக்கிறோம். அந்தக் கட்டடத்தை இரவும் பகலும் உயிரோடு வைத்திருப்பது மின்சாரமும் குளிரூட்டியும்தான். கூலாய்ப் பையன் படித்தது அந்த மின்துறைதான். தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எழும்பும் அந்தக் கட்டடத்தில் தன் படிப்புக்கு இடம் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பொலிடெக்னிக் இப்ராஹிம் சுல்தான் பாசிர் கூடாங்கில் இருக்கிறது. பத்து பகாட்டில் அட்தெக், பாரிட் ராஜாவில் யு.தி.எச்.எம்., ஸ்கூடாயில் யு.தி.எம்., பல ஊர்களில் தொழிற்கல்லூரிகள். முடிவு வரும்வரை காத்திருக்காமல், படிவம் நான்கிலேயே ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தலைநகரில் ஒரு நாள் ஷாப்பிங் போகும் செலவுகூட ஆகாது.

சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், பெரிய திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இவற்றில்தான். தஞ்சோங் லங்சாட்டில் வேலை, ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. பஸ்ஸை நம்பிப் போக முடியுமா? பதினேழு வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் பிள்ளை பாதித் தூரம் முன்னால் நிற்கிறான். மகளாக இருந்தால் நாம் லைசென்ஸ் பேச்சையே எடுப்பதில்லை, பிறகு "தூரம், வேண்டாம்" என்கிறோம். அப்புறம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காத பழக்கம். மோசடிக்காரர்களுக்குப் பயந்து பிள்ளைகள் ஃபோனைத் தொடுவதில்லை, அதில் நேர்முகத் தேர்வு அழைப்புகளும் போய்விடுகின்றன. விண்ணப்பம் போட்ட வாரங்களிலாவது எடுக்கச் சொல்லுங்கள். பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸில் பெயரைப் பதிவதும் இலவசம்தான்.

"அதுவரைக்கும் சாப்பாடு டெலிவரி ஓட்டறேன்" என்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். நேர்மையான உழைப்பு, கையில் காசு. ஆனால் "அதுவரைக்கும்" எதுவரைக்கும் என்று மட்டும் ஒரு தேதி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "ஐந்தாவது சான்றிதழுக்குக் கட்டும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு, பையனோடு மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வேலை கேட்க வேண்டாம். அண்ணன் காலையிலிருந்து சாயங்காலம் வரை உள்ளே என்ன செய்கிறார் என்று மட்டும் பையன் கேட்கட்டும்."

நேற்று மறுபடி அழைத்தார். பையன் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தானாம். தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு நாள் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவதாக அந்தச் சார்ஜ்மேன் சொல்லியிருக்கிறாராம். வேலை கிடைத்துவிட்டது என்று நான் எழுதவில்லை. இன்னும் கிடைக்கவில்லை.

வாசகர்களே, உங்களில் சார்ஜ்மேன்கள் இருக்கிறீர்கள், தாதியர் இருக்கிறீர்கள், கிரேன் ஓட்டுபவர்கள், கணக்காளர்கள், லோரி நிறுவனம் நடத்துபவர்கள், பேக்கரி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வேலை என்ன, எந்த ஊர், படித்து முடித்த ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ மூன்று நாள் பக்கத்தில் நிறுத்தி வேலையைக் காட்ட முடியுமா என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்படாதீர்கள், நாங்கள் திருத்திக்கொள்கிறோம். வரும் கடிதங்களை மாவட்டவாரியாகப் பிரித்து அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். கூலாயிலிருந்து வரும் கடிதத்துக்கு முதல் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்