ஏரலுக்கு எட்டாத டாக்டர் பட்டம்

ஏரலில் பொதுக்கூட்டம் முடிந்தது. கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டு நின்றோம். கூட்டத்துக்கு வந்திருந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்தார். நடுநிலைப் பள்ளி ஆசிரியர், எம்.எட். முடித்தவர், பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையோடு குடும்பம் நடத்துகிறவர்.

"அண்ணாச்சி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யணும்னு பார்க்கேன். நடக்க மாட்டேங்கு" என்றார்.

எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டோம்.

"2023 டிசம்பர் வெள்ளத்துல பிள்ளைக புத்தகம், நோட்டு எல்லாம் ஆத்தோட போச்சுல்லா. திரும்பப் பள்ளிக்கூடம் திறந்து பார்த்தா பாதிப் பேருக்குப் பெருக்கல் மறந்து போச்சு. ஆனா அதே பய அவங்க அய்யா கூட வாழைத்தார் ஏலத்துக்குப் போனா காசுக் கணக்குல தப்பு விட மாட்டான். ஏழு தார் என்ன விலைன்னு மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லுதான். அதையே நோட்டுல எழுதுன்னா முழிக்கான். இது ஏன் அண்ணாச்சி? இதைத்தான் ஆராயணும்."

தாம் கேட்ட கேள்வியின் மதிப்பு அந்த ஆசிரியருக்கே தெரியாது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் மூன்று உளவியலாளர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். தெருவில் தேங்காய் விற்கும் சிறுவர்களிடம் போய், "பத்து காய் என்ன விலை?" என்று வாங்குகிறவர்களைப் போலவே கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரி! பிறகு அதே மாதிரிக் கணக்குகளைப் பள்ளிக்கூட முறையில் தாளில் கொடுத்தார்கள். சரியான விடை நூற்றுக்கு முப்பத்தேழாக இறங்கிற்று. நாற்பது ஆண்டு கழித்து, 2025-இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அதையே சோதித்து 'நேச்சர்' ஏட்டில் வெளியிட்டது. சந்தைப் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை என்பது அவர்கள் கண்டது.

நோபல் பரிசாளர்கள் கேட்ட கேள்வியைப் பொருநைக் கரையில் ஓர் ஆசிரியர் தாமாகவே கேட்கிறார். அவருக்குப் பல்கலைக் கழகத்தின் கதவு திறக்கவில்லை. ஏன்?

பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் நாம். டாக்டர் பட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல உமக்கென்ன தகுதி என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். செருப்புத் தைக்கத் தெரியாதவனுக்கும் அது கடிக்கும் இடம் தெரியும் அல்லவா? அந்த உரிமையில் பேசுகிறோம்.

முதலில் வாசல். 2022 நவம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு டாக்டர் பட்டத்துக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. நல்லதை நல்லது என்று சொல்லிவிடுவோம். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்ய அந்த விதிகள் இடம் தருகின்றன. ஆறு ஆண்டு உச்ச வரம்புக்கு மேல் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல். 240 நாள் மகப்பேறு விடுப்பு. ஏதாவது ஓர் ஏட்டில் கட்டுரை அச்சேறினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்ற கட்டாயமும் போயிற்று. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஏடுகளுக்கு அது ஓர் அடி. வரவேற்கிறோம்.

ஆனால் அதே விதிகள் எம்.ஃபில். படிப்புக்கு முடிவு கட்டின. அந்தப் படிப்பு பல இடங்களில் வெறும் சடங்காகிப் போனது உண்மைதான், மறுக்கவில்லை. என்றாலும் பள்ளி ஆசிரியர் ஒரு சிறிய ஆய்வைச் செய்து, தவறு செய்து, திருத்திக்கொண்டு கை பழகிய இடம் அது ஒன்றே. ஏணியின் கீழ்ப்படியை அறுத்து எடுத்துவிட்டு, மேல் படியில் கால் வை என்கிறார்கள்!

பல்கலைக் கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் பாதி வினாக்கள் ஆராய்ச்சி முறை பற்றி இருக்க வேண்டும் என்பதும் விதி. உள்ளே வந்த பிறகு கற்றுத் தர வேண்டியதை வாசலிலேயே கேட்கிறார்கள். நீந்தத் தெரிந்தவன்தான் நீச்சல் பழக வரலாம் என்பது என்ன நியாயம்?

அதற்கும் மேலே 'நெட்' வந்தது. தனித்தனி நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக டில்லி நடத்தும் அந்த ஒரே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆள் சேர்க்கலாம் என்று 2024 மார்ச்சில் மானியக் குழு முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூன் 18-இல் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தத் தேர்வை எழுதினார்கள். மறுநாளே, தேர்வின் நேர்மையில் ஐயம் என்று சொல்லி டில்லியே அதை இரத்து செய்தது. அதையாவது ஒரு நாள் விபத்து என்று விட்டுவிடலாம். விட முடியாதது மொழி. அந்தத் தேர்வில் தமிழ் போன்ற மொழிப் பாடங்கள் நீங்கலாக மற்றப் பாடங்களின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கல்வியியல் பாடமும் அப்படியே. அலகாபாத் ஆசிரியர் தம் பிள்ளைகளிடம் பேசும் மொழியில் வினாவைப் படித்து விடை எழுதலாம். ஏரல் ஆசிரியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருவருக்கும் ஒரே தேர்வாம். அதற்குப் பெயர் தகுதியாம்! தமிழ்ப் பிள்ளை தமிழில் கணக்கை எப்படி நினைக்கிறான் என்று ஆராயப் போகிறவரை வேற்று மொழியில் நிறுத்துப் பார்ப்பது எந்தத் தராசு?

சரி, எப்படியோ முட்டி மோதி உள்ளே போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன நடக்கிறது? கல்வியியலில் வரும் ஆய்வேடுகளின் தலைப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்நிலை மாணவர்களின் தன்மதிப்புக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு, அந்த மாவட்டத்தில். மேல்நிலை மாணவர்களின் மன அழுத்தத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு, இந்த மாவட்டத்தில். முந்நூறு பிள்ளைகளிடம் ஒரு வினாப்படிவம். ஆண்–பெண், நகரம்–சிற்றூர், அரசு–தனியார் என்று மூன்று பிரிவு. கணிப்பொறியில் ஒரு தட்டு. "குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" அல்லது "இல்லை" என்று ஒரு வரி. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. உயிரைக் கொடுத்து உழைத்தவர்களும் உண்டு. ஆனால் அச்சு ஒன்று செய்து வைத்துக்கொண்டு அதில் மாவை ஊற்றி எடுப்பதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தால், அந்த வாழைத்தார்க் கேள்விக்கு அங்கே ஏது இடம்?

இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று தேநீர்க் கடையில் அந்த ஆசிரியரின் பேச்சைக் கேட்டு நாம் உணர்ச்சிவசப்பட்டோம். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வெள்ளத்தால் பெருக்கல் மறந்து போயிற்று என்கிறாரே, வெள்ளத்துக்கு முன்னால் தெரிந்திருந்தது என்பதற்கு என்ன சான்று? முன்பே தெரியாமல் இருந்து, வெள்ளத்துக்குப் பிறகுதான் கண்ணில் பட்டதோ? முந்தைய விடைத்தாள் தப்பியிருந்தால் எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் வெள்ளம் ஏறாத மேட்டு ஊர்ப் பள்ளியில் அதே வகுப்புக்கு அதே கணக்கைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். தம் கருத்தைத் தாமே சந்தேகிப்பதற்குத் தரும் பழக்கம்தான் ஆராய்ச்சிப் பயிற்சி. பதினைந்து ஆண்டு அனுபவம் அதைத் தானாகத் தந்துவிடாது. சில வேளை கெடுத்தும் விடும்.

கொரோனாவுக்குப் பின் நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இதற்குச் சான்று. தமிழகத்துச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் சோதித்தார்கள். பள்ளிகள் மூடப்படுவதற்கு முன், 2019-இல், எடுத்த அளவு அவர்கள் கையில் இருந்தது. அதனால்தான் எவ்வளவு இழப்பு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பள்ளி திறந்து ஆறு திங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று கண்டார்கள். நமக்குப் பெருமை தரும் முடிவு. ஆனால் நம் பிள்ளைகள், நம் திட்டம். அளந்து சொன்னவர்கள் ஸ்டாக்ஹோமிலும் மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் பணியாற்றியவர்கள். அவர்களுக்கு நன்றி. ஆசிரியர் கல்விக்கென்றே 2008-இல் தனிப் பல்கலைக் கழகம் கண்ட மாநிலம் இது. அந்த அளவுகோல் நம் ஆசிரியர் கையிலும் இருக்க வேண்டாமா?

இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏரலுக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிவகளை! 2025 சனவரி 23-இல், அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு அறிவித்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தாழிக்காட்டின் மேல் வெளியுலகின் கண் படச் செய்தவர் யார்? ஒரு பள்ளி ஆசிரியர்! அவர் பார்த்தார், பொறுக்கினார், சொன்னார். தொல்லியல் துறை வந்து முறைப்படி தோண்டியது. ஆசிரியரின் கண்ணும் துறையின் கருவியும் சேர்ந்தன. மண்ணுக்கு நடந்தது மனிதப் பிள்ளைக்கு நடக்கக் கூடாதா?

அமெரிக்காவில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி 1893-லேயே கல்வியியலில் டாக்டர் பட்டம் தந்தது. ஹார்வர்டு 1920 அளவில், பணியில் இருப்பவர்களுக்கென்று வேறொரு பட்டம் கண்டது. காலப்போக்கில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எதற்கு என்றே தெரியாமல் போயிற்று. 2007-இல் கார்னெகி நிறுவனத்தின் துணையோடு பல பல்கலைக் கழகங்கள் கூடி மறுபடி பிரித்துப் பார்த்தன. புதிய கோட்பாடு காண்பவருக்கு ஒரு வழி. தம் பள்ளியின் சிக்கலை ஆய்ந்து தீர்ப்பவருக்கு இன்னொரு வழி. இரண்டாவது வழி தாழ்ந்ததல்ல. கேட்கும் கேள்வி வேறு, அவ்வளவே. நமக்கு வேண்டியதும் அதுதான்.

எப்படி அமைப்பது? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். வாசலில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்; கேள்வியைக் கேளுங்கள். உம் பள்ளியில் உம்மை உறங்க விடாத சங்கதி எது என்று தமிழில் நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நேரில் உட்கார வைத்துக் குடைந்து கேளுங்கள். முதல் ஆண்டு முழுவதும் பயிற்சி. குறைந்தது 12 கிரெடிட் பாடம் என்று விதி சொல்கிறது. அதை விரிவுரைக் குறிப்பாக ஆக்கிவிடாமல் கைத்தொழில் போலப் பழக்குங்கள். புள்ளியியலை அவரவர் மதிப்பெண் பதிவேட்டை வைத்தே கற்றுக் கொடுங்கள். பத்துப் பிள்ளைகளை ஒரு வாரம் கவனித்து, கண்டதை ஒரு பக்கத்திலும் கருதியதை மறு பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு சிறிய ஆய்வைச் செய்து தோற்கட்டும். தோற்ற பிறகு பெரிய தலைப்பைப் பதியட்டும். எல்லாத் துறை ஆய்வாளருக்கும் கற்பிக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது புதிய விதி. பதினைந்து ஆண்டு கற்பித்தவருக்கு அதைத் தருவது மீனுக்கு நீச்சல் கற்பிப்பது. அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுத உரிமை வேண்டும். உலகம் படிக்க ஆங்கிலத்தில் சுருக்கம் இருக்கட்டும். நெறியாளர் ஒருவர் பல்கலைக் கழகத்தில். துணை நெறியாளர் ஒருவர் பள்ளியில். முடிவைத் தேர்வாளர்கள் முன் சொல்வதற்கு முன்னால், ஆராயப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் முன் அந்தப் பள்ளியிலேயே ஒரு மாலை சொல்லட்டும்.

இதற்குப் பணமும் நேரமும் வேண்டும். மேற்படிப்புக்கு ஆசிரியர் பெற்றுவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஊதியம் உயராது, விடுப்பு கிடையாது, தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி எல்லாம் தலையில். ஆனால் ஆராய்ச்சி செய் என்றால் யார் செய்வார்? வாரத்தில் இரண்டு நாள் விடுவித்து, அந்த இரண்டு நாளைக்கு மாற்று ஆசிரியர் தர வேண்டும். இப்போது அவர் நெறியாளரைப் பார்க்க வேண்டுமானால் ஏரலில் பேருந்து ஏறித் திருவைகுண்டம் தாண்டி, நெல்லையைக் கடந்து, அபிஷேகப்பட்டியில் இருக்கும் சுந்தரனார் பல்கலைக் கழகம் போய்த் திரும்ப வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் ஊதியம்! கல்வியியல் கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் இருக்கின்றன. மாதம் இருமுறை சனிக்கிழமை நெறியாளர் அங்கே வந்து உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? போப்பையர் சாயர்புரத்துக்கு வந்துதான் பள்ளி நடத்தினார். பிள்ளைகளை இங்கிலாந்துக்கு வரச் சொல்லவில்லை.

பகுதி நேரம் என்றால் தரம் கெடும், கூலிக்கு ஆய்வேடு எழுதித் தரும் கடைகள் பெருகும் என்பார்கள். கடைகள் இருக்கின்றன, நாமும் அறிவோம். ஆனால் கடையில் எதை எழுதித் தருவார்கள்? அச்சில் வார்த்த ஆய்வேட்டைத்தான் எழுதித் தர முடியும். ஏரல் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் இன்ன நாள் இன்ன பிள்ளை இப்படிப் பெருக்கினான் என்பதை எந்தக் கடைக்காரன் எழுதுவான்?

அன்றிரவு புறப்படும்போது அந்த ஆசிரியர் பையிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்துக் காட்டினார். 2024 சனவரியிலிருந்து நாள் வாரியாக எழுதி வைத்திருக்கிறார். வாழைத்தார்க் கணக்கு ஒரு பக்கம், நோட்டுக் கணக்கு எதிர்ப் பக்கம். அதில் உள்ள பிள்ளைகள் சிலர் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்களாம். "இதை யாருகிட்ட கொடுத்தா படிச்சுப் பார்ப்பாக அண்ணாச்சி?" என்று கேட்டார். பேருந்து வந்துவிட்டது. முகவரி ஒன்று சொல்ல நம்மிடம் இல்லை.