பாலுக்கு எந்தத் தெரு?

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார் பக்கத்துக் கட்டில் பாட்டி. ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊர்லயா, காலனியிலயா?" என்றார் அடுத்து. "காலனிதான் பாட்டி" என்றேன். அதுவரை என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டார். "பவுடர் பாலே போதும்னு சொல்லிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டது பால். அவருடைய மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து, எட்டாம் மாதத்திலேயே குழந்தையை எடுத்துவிட்டு, தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. எனக்கோ அன்றுதான் பால் கட்டி மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. "உன் புள்ளைக்குப் போக மிச்சம் இருந்தா இதுக்கும் கொஞ்சம் குடும்மா" என்று அவராகவே கேட்டார். சரி என்று சொல்லிக் கையை நீட்டிய பிறகுதான் ஊர் விசாரணை வந்தது.

இது ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில், என் மகள் பிறந்த ஐந்தாம் நாள் நடந்தது. முதல் பிரசவம் என்பதால் வலியையும் தூக்கமின்மையையும் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். தாய்ப்பால் கொடுப்பதில் இத்தனை பாடம் இருக்கும் என்றும், அதற்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்தவுடன் பால் தானாகப் பொங்கி வரும் என்றுதான் சினிமாவிலிருந்து கதைகள் வரை நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு அறுவைச் சிகிச்சை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் சுமார் 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சைதான். அப்படிப் பெற்றவர்களுக்குப் பால் இறங்கக் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் ஆகலாம். முதல் மூன்று நாள் எனக்குச் சொட்டுச் சொட்டாக மஞ்சள் நிறத்தில் சீம்பால் மட்டுமே வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் தீர்ப்பு எழுதினார்கள்: "இவளுக்குப் பால் இல்ல."

அந்தச் சொட்டுகளே போதும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை கொள்வது ஐந்து முதல் ஏழு மில்லிலிட்டர்தான். நோய் எதிர்ப்புப் பொருள்கள் மிகுந்திருப்பது அந்தச் சீம்பாலில்தான். முதல் சில நாள்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவதும் இயல்பு. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கேட்பதும் இயல்பு. ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். இவ்வளவுதான் விஷயம். இதைக் கர்ப்பப் பரிசோதனைக்குப் போன ஒன்பது மாதத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வார்டில் இருந்த செவிலியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓர் இரவில் நாற்பது தாய்மாரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

பால் இல்லை என்று முடிவு செய்ததும் எங்கள் வீட்டில் 'சேனை' பேச்சு தொடங்கியது. சர்க்கரைத் தண்ணீரை யார் கையால் முதலில் தொட்டு வைப்பது என்ற விவாதம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். குடிகார மாமா கூடாது, அரசு வேலையில் இருக்கும் சித்தப்பா வைக்கட்டும் என்றார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைச் சொல்லித் தடுத்தேன். ஆனால் மருத்துவக் காரணத்தை விடவும் என்னைக் குடைந்தது வேறொன்று. தொட்டால் குணம் வரும் என்று நம்புகிற வீட்டில், தொட்டால் தீட்டு வரும் என்பதை எந்த வாயால் எதிர்ப்பது? அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும் நம் வீடுகளிலும் இது நடக்கிறது தோழர்களே. பிறப்பாலும் தொடுதலாலும் குணம் ஒட்டும் என்ற நம்பிக்கையின் மேல்தான் சாதி நிற்கிறது.

மூன்றாம் நாள் மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அக்கா கையைக் கழுவிவிட்டு அருகில் வந்தார். "காம்ப மட்டும் குடுக்காத கண்ணு. புள்ள வாயப் பெருசாத் தொறக்கட்டும், சுத்தி இருக்கிற கருப்பும் சேந்து உள்ள போவணும். மோவாய் மார்ல பதியணும்" என்று சொல்லி, பிள்ளையை என் பக்கமாகத் திருப்பி அணைத்து வைத்தார். தையல் போட்ட வயிற்றில் பாரம் விழாமல் பக்கவாட்டில் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். இரண்டு நாளில் வலி பாதியானது. எனக்குப் பாலூட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவர்தான். பக்கத்துக் கட்டில் பாட்டி, அவர் தன் தண்ணீர் பாட்டிலைத் தொட்டு நகர்த்தியதற்காக அந்தத் தண்ணீரைக் கொட்டியதையும் அதே வார்டில் பார்த்தேன்.

பாட்டி போன பிறகு விம்மிக்கொண்டிருந்த என்னிடம் செவிலியர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். தாய்ப்பால் வங்கிக்குத் தருகிறீர்களா என்று கேட்டார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் உண்டு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை போன்ற தொற்று இல்லை என்று உறுதிசெய்த தாய்மாரின் பாலைச் சேகரித்து, 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைய வைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு புட்டியில் பல தாய்மாரின் பால் கலந்திருக்கும்.

அன்றிரவு பாட்டியின் பேரனுக்குச் சர்க்கரை அளவு குறைந்து, பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் பாட்டி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேங்க் பாலு குடுத்தாங்களாம். கக்கல, நல்லாத் தூங்குது." அந்தப் புட்டியில் என் பால் இருந்திருக்காது; பரிசோதனை முடியவே நாளாகும். ஆனால் யார் யாருடைய பாலோ இருந்தது. அவர்கள் ஊரா, காலனியா என்று பாட்டி கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல யாருமில்லை.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். பரிசோதிக்காமல் இன்னொருவர் குழந்தைக்கு நேரடியாகப் பால் கொடுப்பதை மருத்துவர்களும் ஊக்குவிப்பதில்லை. அந்தக் காரணத்துக்காகப் பாட்டி மறுத்திருந்தால் அது நியாயம். ஆனால் அவர் நோயைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்டார். பாலில் தீட்டு இருந்தால் வங்கிப் பாலிலும் இருந்திருக்க வேண்டும். ஆள் தெரியாதவரை தீட்டும் இல்லை. ரத்த வங்கியிலும் இதுதான் நடக்கிறது. பாலையும் ரத்தத்தையும் விட, பக்கத்துக் கட்டிலில் சமமாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் அவர்களை உறுத்துகிறது.

இது படிக்காத ஒரு பாட்டியின் அறியாமை மட்டுமல்ல. ஆயுர்வேதத்தின் மூல நூலாகக் கொண்டாடப்படும் சரக சம்கிதையிலேயே, பாலூட்டும் செவிலித்தாய் குழந்தையின் வருணத்தைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மருத்துவ நூலுக்குள்ளேயே வருணத்தை எழுதி வைத்தவர்களின் பாரம்பரியம்தான் அந்தப் பாட்டியின் வாயில் "ஊர்லயா, காலனியிலயா" என்று வெளிவந்தது.

சரி, அவமானத்தோடு இது முடிந்துவிடுகிறதா? இல்லை. துப்புரவுப் பணியாளர் அக்காவும் எங்களைப் போலக் காலனிக்காரர்தான். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இட ஒதுக்கீட்டில் படித்து, இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். 2021 முதல் தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். அக்காவோ ஒப்பந்தத் தொழிலாளி. வயிறு தெரியத் தொடங்கியதும் ஒப்பந்தக்காரர் அவரை நிற்கச் சொல்லிவிட்டார். பிரசவம் முடிந்து 45ஆம் நாள் புதிய ஆளாகச் சேர்த்துக்கொண்டார். 2017 திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் அதைப் பெறுவதற்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். ஆளை நிறுத்திப் புதிதாகச் சேர்த்தால் எந்தப் பதிவேட்டில் அந்த 80 நாளைக் காட்டுவது?

பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் மார்பு கட்டி, சீருடை நனைந்து, தான் கழுவி வைத்த கழிப்பறைக்குள்ளேயே போய்ப் பாலைப் பீச்சி விட்டதாக அக்கா சொன்னார். என் பாட்டி இதே கதையை வயலை வைத்துச் சொல்லுவார். வரப்போர மரத்தில் தூளி கட்டிவிட்டு நடவு நடுவார்களாம். பிள்ளை அழுதாலும் பண்ணையார் ஆள் கரையேற விடமாட்டானாம். பால் சேற்றில் சொட்டுமாம். இரண்டு தலைமுறை கழித்து, தாய்ப்பாலின் மகத்துவத்தைச் சொல்லும் சுவரொட்டி ஒட்டிய கட்டடத்திலேயே அது நடக்கிறது. 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன, நல்லது. பயணிக்கு ஓர் அறை உண்டு, அந்த நிலையத்தைக் கூட்டுகிறவருக்கு அதில் உட்கார நேரம் உண்டா?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், எனவே அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும், அவளது உழைப்பால் லாபமடையும் முதலாளிக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு சட்டமானது, ஆலைத் தொழிலாளிகளுக்கு மட்டும். வயலில், வீட்டு வேலையில், ஒப்பந்தத் துப்புரவில் இருக்கும் பெண்களுக்கு அந்த வாதம் இன்னும் வந்து சேரவில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கிறது. அது ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, தவணை தவணையாக, இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களுக்கு, எந்த ஒப்பந்தக்காரர் வந்தாலும் போனாலும், பணித் தொடர்ச்சியோடு ஊதியத்துடன் கூடிய ஆறு மாத விடுப்பை மருத்துவமனை நிர்வாகமே உறுதிசெய்ய வேண்டும். வேலைக்குத் திரும்பியவர்களுக்கு அங்கேயே குழந்தைக் காப்பகமும் பாலூட்ட நேரமும் வேண்டும். ஒவ்வொரு பிரசவ வார்டிலும் பாலூட்டக் கற்றுக்கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அந்தப் பணியில் அக்காவைப் போன்ற அனுபவசாலிகளைப் பயிற்சி கொடுத்து அமர்த்த வேண்டும். வார்டில் சாதி கேட்பதும் தண்ணீரைக் கொட்டுவதும் நடந்தால் நிர்வாகம் தலையிட வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. மாதாந்திரக் கூட்டங்களில் சீம்பாலைப் பற்றியும் சேனையைப் பற்றியும் பேசுவோம். அதைப் பெண்கள் கூட்டத்தில் மட்டும் பேசி முடித்துவிடாமல், ஆண்களையும் உட்கார வைத்துப் பேசுவோம்.

என் மகளுக்கு இப்போது ஏழு மாதம். என் விடுப்பில் இன்னும் ஐந்து மாதம் மீதி இருக்கிறது. அக்காவின் மகனுக்கு ஒன்றரை வயது. 45ஆம் நாளிலிருந்து புட்டிப்பால் குடித்து வளர்ந்தவன். வீட்டுக்குக் கிளம்பும் அன்று அவர் கையில் நூறு ரூபாயை வைத்தேன். வாங்க மறுத்துவிட்டு, "புள்ளைக்கு ராத்திரியும் பால் குடு கண்ணு, அப்பதான் சுரக்கும்" என்று மட்டும் சொன்னார்.