உன் ஆப்புக்கு மூச்சு வாங்குது தம்பி!

எழும்பூர் ஸ்டேஷன்ல ஊருக்குக் கிளம்ப உட்கார்ந்திருக்கும்போது அந்த அறிவிப்பை உன்னிப்பா கேட்டிருக்கீங்களா பாஸ்? 'வண்டி எண் ஒன்று... இரண்டு... ஆறு...'னு ஒவ்வொரு இலக்கமா எடுத்து வைப்பாங்க. எப்பவோ தனித்தனியா பேசிப் பதிவு பண்ணின துண்டுகளை, ரயிலுக்கு ஏத்த மாதிரி வரிசையா ஓட்டுற டெக்னிக் அது. 'நாலு ஆடியோவை அடுத்தடுத்து ஓட்டத் தெரியாதா நமக்கு?'னு மூணாவது வருஷ மினி புராஜெக்ட்டுக்கு நானும் என் டீமும் அதையே பிடிச்சோம். சனி அங்கேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

எங்க கேம்பஸ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு கிரவுண்டுல ஐம்பது பஸ் வரிசை கட்டி நிக்கும். எந்த ரூட் எந்த இடத்துலனு தினமும் மாறும். அந்த லிஸ்ட்டை பேப்பர்ல எழுதி, போட்டோ பிடிச்சு குரூப்ல போட்டுடுவாங்க. நமக்கு ஓகே. ஆனா, பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கிற அண்ணன் ஒருத்தருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போன்ல இருக்கிற டாக்பேக், அந்த போட்டோவுல கிறுக்கியிருக்கிற கையெழுத்தைப் படிக்காது. தினமும் யாரையாவது கையைப் பிடிச்சு நிறுத்திக் கேட்கணும். அவருக்காகத்தான் ஆப். ரூட்டைத் தொட்டா, 'தாம்பரம் பஸ், வரிசை எண் இத்தனை'னு சொல்லும். டாக்பேக் குரலோட குழம்பக் கூடாதுனு எங்க டீம் தோழி குரல்லயே பதிவு பண்ணினோம். அவங்கதான் கல்ச்சுரல்ஸ்ல காம்பியரிங் புலி!

லேப்ல ஓட்டிப் பார்த்தோம். செம! என் போன்ல தேன் மாதிரி ஓடுச்சு. அண்ணன் போன்ல ஏத்திக் கொடுத்துட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு கேன்டீனுக்குப் போயிட்டேன்.

அன்னிக்கு தாம்பரம் பஸ் நின்னது 23-ல. ஆப் சொன்னது, 'வரிசை எண்... இருபது... ... மூன்று'. ஐம்பது டீசல் இன்ஜின் உறுமுற இடத்துல அவர் காதுல விழுந்தது 'இருபது' மட்டும்தான். நேரா இருபதாவது பஸ்ல ஏறிட்டார். அது பூந்தமல்லி பஸ். அங்கே இறங்கி, வேற பஸ் பிடிச்சு அவர் வீடு போய்ச் சேர்றப்ப மணி எட்டு. அவங்க அம்மா வாசல்லயே நின்னுட்டிருந்தாங்களாம்.

மறுநாள் திட்டுவார்னு நினைச்சேன். 'உன் ஆப்புக்கு மூச்சு வாங்குது தம்பி. இருபதுன்னு சொல்லிட்டு தண்ணி குடிச்சுட்டு வந்து மூணுங்குது'ன்னார். திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைனு இருந்துச்சு.

உட்கார்ந்து தோண்டினோம். மீடியாபிளேயர்கிட்ட ஒரு ஃபைலைக் கொடுத்து, 'முடிஞ்சுது'னு அது சொன்ன பிறகு அடுத்த ஃபைலைத் திறந்து, தயார் பண்ணி, ஓட்டுற மாதிரி கோட் எழுதியிருந்தேன். அதாவது, முதல் தோசையைத் தின்னு முடிச்ச பிறகு அடுத்ததுக்கு மாவு ஊத்துற மெஸ்! என் புது போன்ல கல்லு சூடா இருந்ததால தெரியலை. அண்ணனோட பழைய போன்ல அந்தக் காத்திருப்புதான் 'மூச்சு'. ஒண்ணு ஓடும்போதே அடுத்ததைத் தயாரா வைக்கிற வசதி 2012-ல வந்த ஆண்ட்ராய்டு 4.1-லயே இருக்கு. இப்போ எக்ஸோபிளேயர்கிட்ட மொத்த லிஸ்ட்டையும் கொடுத்துட்டா அதுவே பார்த்துக்கும். மாத்தினோம்.

இடைவெளி சுருங்குச்சு, ஆனா சாகலை. குற்றவாளி நம்பர் டூ, எம்.பி.3. அது சவுண்டை 1,152 சாம்பிள் கொண்ட டப்பா டப்பாவாத்தான் அடைக்கும். செகண்டுக்கு 44,100 சாம்பிள்னா ஒரு டப்பா சுமார் 26 மில்லிசெகண்ட். கடைசி டப்பா நிரம்பலைன்னா மிச்சத்துல வெறும் மௌனத்தை ரொப்பிடும். முன்னாடியும் கொசுறா கொஞ்சம் மௌனம். நாலு நிமிஷப் பாட்டுல இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அரை செகண்ட் வார்த்தையில தெரியும். எல்லாத்தையும் வேவ் ஃபைலா மாத்தி, முன்னாடி பின்னாடி இருந்த வெத்து நேரத்தை நறுக்கினோம். சைஸ் ஏறும்தான், செகண்டுக்கு 88,200 பைட். மொத்தமே அறுபது துண்டு, 5 எம்.பி. பக்கம் வந்துச்சு. போகட்டும்!

இப்ப ஒட்டிக்கிட்டு வந்துச்சு, 'இருபதுமூன்று'. கேட்டுட்டு தோழி தலையில அடிச்சுக்கிட்டாங்க. 'எந்த ஊர்ல இருபது மூன்றுனு சொல்றாங்க? இருபத்தி மூன்று!' அட ஆமால்ல? இங்கிலீஷ்ல ட்வென்ட்டியையும் த்ரீயையும் பக்கத்துல வெச்சா வேலை முடிஞ்சுது. தமிழ்ல இருபது, இருபத்தியா மாறணும், நாற்பது நாற்பத்தியா மாறணும், நூறு நூற்றியா மாறணும். 'இருபத்தி...'னு கேட்டாலே இன்னும் ஏதோ வரப்போகுதுனு காது காத்திருக்கும். அந்த ஒரு 'த்தி' இருந்திருந்தா, அன்னிக்கு எவ்ளோ மூச்சு வாங்கியிருந்தாலும் அண்ணன் இருபதாவது பஸ்ல ஏறியிருக்க மாட்டார். ரயில்வேக்காரங்க ஒவ்வொரு இலக்கமா வாசிக்கிறதுல இப்படி ஒரு சௌகரியமும் இருக்கு. பத்து துண்டு போதும், எதுவும் உருமாறாது.

இதுக்கு தனியா 'த்தி' துண்டுகள் வெச்சு ஒரு லாஜிக் எழுத ரெண்டு ராத்திரி முழிச்சேன். மூணாவது நாள் காலையில ஹாஸ்டல் ரூம்மேட், சிவில் டிபார்ட்மென்ட், பல் தேய்ச்சுக்கிட்டே கேட்டான். 'மொத்தமே ஐம்பது நம்பர்தானேடா, ஐம்பதையும் முழுசா பேசவெச்சா என்ன?'

நொந்து நூடுல்ஸ் ஆயிட்டேன்.

தோழி அன்னிக்கு ராத்திரியே லேடீஸ் ஹாஸ்டல்ல ஃபேனை நிறுத்திட்டு, போர்வைக்குள்ள உட்கார்ந்து ஒண்ணுலேர்ந்து ஐம்பது வரைக்கும் பேசி அனுப்பினாங்க. அதுவும் முதல் தடவை வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்துல வந்ததால, ஒவ்வொண்ணையும் 'வரிசை எண்' சேர்த்தே மறுபடி பேசவெச்சு, நம்பரை மட்டும் வெட்டி எடுத்தோம்.

போன வாரம் நாலு மணிக்கு கிரவுண்டுல நான் பத்தடி பின்னாடியே நடந்தேன். அண்ணன் ரூட்டைத் தொட்டார். 'தாம்பரம் பஸ், வரிசை எண் முப்பத்தி ஆறு.' நிறுத்தாம, ஒரே மூச்சுல. முப்பத்தி ஆறாவது பஸ் படியில கையை வெச்சு, டிரைவர்கிட்ட 'தாம்பரமாண்ணே?'னு ஒரு தடவை உறுதிப்படுத்திக்கிட்டு ஏறினார். அதை விடலை மனுஷன்! அப்புறம் ஜன்னல் வழியா என்னைக் கூப்பிட்டார்.

'மூச்சு வாங்குறது நின்னுடுச்சு தம்பி. ஆனா, முப்பதைத் தாண்டினா அந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு கோவமா பேசுது?'