கவலையும் ஒரு காவல்

பொழுது சாயும் வேளையில், பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதற்கு முன்பு கோழிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் சிற்றூர்ப் பெண்களிடம் இன்றும் உண்டு. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், அடுப்பு வேலையை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் தேடப் புறப்பட்டுவிடுவர். “ஒரு கோழிக்காக இத்தனை பதற்றமா?” என்று வீட்டார் நகைப்பர். அந்தப் பதற்றம் நகைப்புக்குரியது அன்று. ஒரு குடும்பத்தின் சிறு சேமிப்பைக் காக்கும் பொறுப்புணர்வே அது என்பது என் கருத்து.

கோழி நம் வாழ்வில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ள உயிர். தொல்காப்பிய மரபியல் கோழிப் பெட்டைக்கு ‘அளகு’ என்னும் பெயரைச் சுட்டுகிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் ‘கோழி’ என்னும் பெயரும் உண்டு. இன்று வீடுகளில் வளரும் கோழியின் முதன்மை மூதாதை, ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியாகும். காட்டில் மரக்கிளையேறித் தன்னைக் காத்துக்கொண்ட பறவை, நம் முற்றத்திற்கு வந்தபின் நம்மை நம்பியே இரவில் கண்ணுறங்குகிறது.

நாளும் ஓர் இடையூறு

புறக்கடையில் கோழி வளர்ப்போரின் கவலைகள் அடை வைக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. தாய்க்கோழி 21 நாள்கள் அடைகாக்க வேண்டும். இடையில் பாம்பு முட்டையை விழுங்கலாம். சில முட்டைகள் கூமுட்டையாகிவிடலாம். குஞ்சு பொரித்தபின் வானில் பருந்தும், தரையில் கீரியும் பூனையும் காத்திருக்கும். மழையில் நனைந்த குஞ்சு குளிரால் விறைத்துவிடும். நீர்த்தட்டில் தவறி விழுந்தும் குஞ்சுகள் இறப்பதுண்டு. தட்டில் சில கூழாங்கற்களை இட்டு வைத்தால் அவ்விறப்பைத் தவிர்க்கலாம். அண்டை வீட்டுக் கீரைப்பாத்தியைக் கோழி கிளறிவிட்டால், உறவிலும் விரிசல் விழும்.

இவற்றையெல்லாம் ‘விதி’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், இவ்விழப்புகளுள் பெரும்பாலானவை சிறு கவனத்தால் தடுக்கத் தக்கவை. இவ்வுண்மையை நான் ஒரு தவற்றின் வாயிலாகவே கற்றேன்.

நான் சொன்ன பொய்

அப்போது நான் உங்களைப் போலப் பதினோராம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். என் தாயார் 17 கோழிகள் வளர்த்து வந்தார். முட்டை விற்ற காசு அஞ்சறைப்பெட்டியின் அடியில் சேர்ந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு எனக்குப் பாடநூல்கள் வாங்குவதற்கான பணம் அது. தை மாதத்தில் ஒருநாள், “தம்பி, கால்நடை மருந்தகத்தில் கோழிகளுக்கு ஊசி போடுகிறார்களாம். கூடையில் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டு வந்துவிடப்பா” என்றார். கோழிக்கூடையுடன் பள்ளித் தெரு வழியே செல்ல எனக்கு நாணமாக இருந்தது. பாதி வழியிலேயே திரும்பி வந்து, “மருத்துவர் வரவில்லை” என்று பொய் சொன்னேன்.

மூன்று வாரங்களுக்குப்பின் ஊரில் வெள்ளைக்கழிச்சல் பரவியது. கோழிகள் இரையெடுக்காமல் சிறகு தொங்கி நின்றன. சில கழுத்துத் திருகிச் சாய்ந்தன. நான்கே நாள்களில் பஞ்சாரத்தில் எஞ்சியவை மூன்று. மருத்துவர் உண்மையிலேயே வரவில்லையா என்று தாயார் அதன்பின் ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் என் மனச்சுமை சற்றுக் குறைந்திருக்கும்.

தடுப்பே மருந்து

வெள்ளைக்கழிச்சல், நச்சுயிரியால் வரும் நோய். இதனை இராணிக்கெட் நோய் என்றும் கூறுவர். வந்தபின் தீர்க்கும் மருந்து இதற்கு இல்லை. தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் அளிக்கப்படுகின்றன. நோயுற்ற கோழியை உடனே தனியே பிரிக்க வேண்டும். இறந்தவற்றைக் கண்மாயிலோ குப்பையிலோ எறியாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நோய் கண்ட கோழியை மலிவு விலைக்கு விற்பது, அடுத்த வீட்டுக்கு நோயை அனுப்புவதேயாகும்.

மாடு தீவனம் எடுக்கவில்லையெனில் அன்றே மருத்துவரை அழைக்கிறோம். கோழி சோர்ந்து நின்றால் அறுத்து உண்ண எண்ணுகிறோம். மாட்டின் விலை பெரிது என்பது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. பல வீடுகளில் மாடு குடும்பத்தின் சொத்து. கோழி பெண்ணின் சிறுவாடு. அவளுடைய சேமிப்பைச் சிறிதென்று கருதும் மனமே அவளது கவலையையும் சிறிதென்று கருதுகிறது.

‘நாமக்கல் பண்ணை முட்டை கடையில் கிடைக்கும்போது இத்தொல்லை எதற்கு?’ என்று வினவுவோரும் உளர். பண்ணைகள் ஊருக்கெல்லாம் முட்டை தருகின்றன. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், சிந்திய தானியத்தையும் கரையானையும் சமையற்கழிவையும் உண்டு வளரும் புறக்கடைக் கோழி, நிலமற்ற பெண்ணின் கையிலும் காசு சேர்க்கிறது. அதற்கு ஈடாக அது கேட்பது சிறிது காவலும் சிறிது கவனமும்தான்.

கவலைக்கும் ஓர் அளவு உண்டு. அடைக்கோழியை நாள்தோறும் எழுப்பி முட்டைகளை எண்ணினால், அது அடையை விட்டே எழுந்துவிடக்கூடும். ஆகவே, கலங்கும் கவலை வேண்டா. கடமையைச் செய்விக்கும் கவலை வேண்டும். கூண்டின் தாழைச் சரிபார்ப்பதும், தடுப்பூசி நாளை மறவாதிருப்பதும் அத்தகைய கவலையின் செயல்கள். கோழிக்கூடையைச் சுமந்து தெருவில் நடப்பதும் அவற்றுள் ஒன்று. அதில் நாணுவதற்கு ஏதுமில்லை என்பதை நான் காலங்கடந்தே உணர்ந்தேன். நீங்கள் இன்றே உணரலாம்.