எண்ணெய்க் கறை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசலில் அம்பாஸடர் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். முழங்கை வரை கரி. உலாவிவிட்டுத் திரும்பிய அண்டை வீட்டு நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன சார், ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். துக்க வீட்டில் விசாரிப்பதைப் போல இருந்தது.

"கஷ்டம் ஒன்றுமில்லை. வாட்டர் பம்ப் போய்விட்டது. மாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

"அதுக்கு ஆள் இல்லையா? நீங்க எழுதறவர். நமக்கெல்லாம் எதுக்கு சார் இந்த வேலை?"

அந்த 'நமக்கெல்லாம்' என்ற ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நானும் 'நமக்கெல்லாம்' கட்சியில்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கார் என் தகப்பனார் விட்டுப் போனது. 2014-ல் உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வண்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் எஞ்சினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அரை மணியில் சொட்டு நின்றுவிட்டது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, பெருமையுடன் திரும்பினேன். பத்தாம் நாள் எஞ்சின் கிரீச்சென்று கத்த ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். பம்புக்குள் ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் வெளியே விசிறி. மறு முனையில், தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம். தண்ணீர் தண்டு வழியே வெளியே வராமல் தடுக்க ஒரு ஸீல் உண்டு. அதற்கு அப்பால் தண்டைத் தாங்கும் பேரிங். இரண்டுக்கும் நடுவே, பம்பின் அடிப்புறத்தில், ஒரு சிறு துளை இருக்கிறது. ஸீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பேரிங்கைத் தொடாமல் அந்தத் துளை வழியே வெளியேற வேண்டும் என்று யோசித்து வைத்த துளை அது. 'எனக்கு வயதாகிவிட்டது, என்னை மாற்றுங்கள்' என்று பம்ப் சொல்லும் வாய்.

அந்த வாயைத்தான் பட்டறையில் பசை வைத்து அடைத்திருந்தார்கள்! போக வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. விசிறியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால், விசிறி பிய்த்துக்கொண்டு ரேடியேட்டருக்குள் பாய்ந்திருக்கும்.

அடைத்தவனைத் திட்டலாம். திட்டினேன். ஆனால் அந்தத் துளை இன்னதென்று எனக்குத் தெரிந்திருந்தால் அவனால் அடைத்திருக்க முடியுமா? என் அறியாமைக்கு நானே ரசீது வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்குக் கௌரவம் என்று பெயர் வேறு!

புதுப்பேட்டையிலிருந்து ஒரு பம்பை வரவழைத்தேன். வேலை பிரம்ம வித்தை ஒன்றுமில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். வடித்த தண்ணீரில் கூலண்ட் கலந்திருந்தால் அதைத் தெருவில் ஊற்றக்கூடாது. தித்திப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், அது விஷம். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, டைனமோவைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, விசிறியைக் கழற்றினால், பம்பைப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். பழைய பேக்கிங்கைத் துளி விடாமல் சுரண்ட வேண்டும். இதில்தான் பொறுமை வேண்டும். புதியதை வைத்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தது மூன்று மணிக்கு முடிந்தது. "அந்த நேரத்தில் ஒரு கதை எழுதியிருக்கலாமே" என்பார்கள். எழுதியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எத்தனை கதை எழுதுகிறேன் என்பதை என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று எனக்கு உதவிக்கு நின்றவன் என் அக்கா மகன். மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் பட்டதாரி, முதல் வகுப்பு. நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். கழற்றிய பம்பை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, பரீட்சையில் இதுக்குப் பதினாறு மார்க் வாங்கினேன். கையில் இப்பத்தான் தொடறேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், இந்தப் பையனுக்கு ஒரு வருஷத்துக்கு முன் ஹோசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. யந்திரங்களுக்கு நடுவே நின்று செய்யும் வேலை. அக்கா விடவில்லை. "நாலு வருஷம் கடன் வாங்கிப் படிக்க வெச்சது, பட்டறையில அழுக்குச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கவா?" என்றாள். அன்றிலிருந்து பையன் வீட்டில்தான் இருக்கிறான். சட்டை வெள்ளையாக இருக்கிறது.

ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சொன்னால் நமக்கெல்லாம் மார்பு விரிகிறது. அவர் என்ன செய்தார்? பள்ளிப் படிப்பை விட்டவர், ஹோட்டலில் வேலை பார்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டிப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டபோது தாமே ஓட்டினார். அவரைப் புகழ்ந்து பள்ளிக்கூட விழாவில் பையன் பேசினால் கைதட்டுகிறோம். அவர் செய்ததை அதே பையன் வீட்டில் செய்தால், "சைக்கிளைக் கெடுக்காதே, போய்ப் படி!" என்கிறோம்.

"எல்லாரும் தாங்களே செய்துகொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மெக்கானிக்கின் மேல் அவ்வளவு பரிவு கொண்டவர்கள், முதலில் அவனை 'நீங்கள்' என்று அழைக்கட்டும். வயிற்றைத் திறக்கும் டாக்டர் 'சார்'. எஞ்சினைத் திறக்கும் அறுபது வயதுக் கிழவர் 'ஏம்ப்பா'. அந்தக் கிழவர்களில் ஒருவரிடம்தான் என் கியர் பெட்டியை இன்றும் கொண்டு போகிறேன். நான்கு போல்ட்டு கழற்றவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. ஆகவே அவர் கூலியில் இப்போது நான் பேரம் பேசுவதில்லை. வேலை தெரிந்தவன்தான் வேலைக்காரனை மதிப்பான். பசை வைத்து ஏமாற்றுகிறவனையும் அவன்தான் கண்டுபிடிப்பான்.

எல்லாரும் எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் பம்ப், டைமிங் பெல்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம். அதைத் தெரிந்தவரிடம் விடுவதே புத்தி. தெரியாததால் ஒதுங்குவது வேறு. தொட்டால் அந்தஸ்து குறைந்துவிடும் என்று ஒதுங்குவது வேறு. முதலாவது அடக்கம். இரண்டாவதற்கு இந்த நாட்டில் ஒரு பழைய பெயர் உண்டு. அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜை செய்கிறோம். ஸ்பானருக்குச் சந்தனம், சுத்தியலுக்குக் குங்குமம், பொரி, கடலை எல்லாம் உண்டு. மறுநாளிலிருந்து அந்த ஸ்பானரைப் பிடிக்கிற கை நமக்கு மட்டம். ஆயுதம் தெய்வம், அதை எடுப்பவன் மட்டம்! இது என்ன பக்தி, ஐயா?

சாயங்காலம் அக்கா வந்தாள். பையனின் சட்டையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பையன்தான், "அம்மா, வண்டியில உக்காரு. கோவிலுக்குப் போய்ட்டு வரலாம். நான் பூட்டின பம்பு" என்றான். போய் வந்தோம். அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

ஹோசூருக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறான். பதில் வரவேண்டும். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டையை மூன்று தரம் துவைத்தும் கறை போகவில்லை என்று சொன்னபோது, அவள் குரலில் முன்பிருந்த கோபம் இல்லை.